'ஏன்' என்ற கேள்வியைத் தள்ளிவைத்த பிறகு தெரிந்தவை

என் உணர்ச்சிகளுக்குக் காரணம் சொல்வதில் நான் என்றுமே திணறியதில்லை. எரிச்சல் வந்தால் வேலைப்பளு, சோர்வு வந்தால் தூக்கமின்மை, ஒருவரைப் பிடிக்காமல் போனால் அவர் பேசும் தோரணை என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டவுடன் எடுத்துக்கொடுக்க ஒரு விளக்கம் கைவசம் இருந்தது. அந்த விளக்கங்கள் பொருத்தமாகவும் இருந்தன. ஆண்டில் சில வாரங்கள் மட்டும் நான் வேறு ஆளாகிவிடுவதை வீட்டில் இருப்பவர்கள்தாம் முதலில் கவனித்தார்கள். அந்த வாரங்களில் சிறு சத்தமும் எனக்குத் தாங்காது, தொலைபேசி அழைப்புகளை எடுக்கத் தோன்றாது, நெருங்கியவர் எவரேனும் பயணத்துக்குப் பெட்டி கட்டினால் அடக்க முடியாத கோபம் வரும். அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் காலம் அது என்பதால் வேலைதான் காரணம் என்று நானும் சொன்னேன், அவர்களும் நம்பினார்கள். பிறகு வேலை மாறியது. புதிய இடத்தில் அந்த வாரங்கள் ஆண்டிலேயே மிகவும் ஓய்வானவை. எரிச்சல் மட்டும் தவறாமல் வந்து சேர்ந்தது.

அந்த ஆண்டில்தான் ஓர் உளவியல் ஆலோசகரிடம் செல்லத் தொடங்கினேன். என் விளக்கங்களையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட அவர், சில காலத்துக்கு 'ஏன்' என்ற கேள்வியை ஒதுக்கிவைக்கும்படி சொன்னார். எப்போது, எங்கே, யார் அருகில் இருந்தார், அதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது, உடம்பில் எந்த இடத்தில் என்ன தோன்றியது என்பதை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். காரணம் எழுதக் கூடாது. ஆழ்மனத்தைத் தோண்டப் போகிறோம் என்று நினைத்துச் சென்ற எனக்கு இந்தக் குமாஸ்தா வேலை ஏமாற்றமாகவே இருந்தது. அவர் எதற்காக அப்படிச் சொன்னார் என்பது பின்னர் ஆய்வுகளைப் படித்தபோது விளங்கியது.

ரிச்சர்ட் நிஸ்பெட், திமோதி வில்சன் என்னும் இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1977இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் ஓர் எளிய சோதனை விவரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கடையில் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வாடிக்கையாளர்களிடம் கேட்டார்கள். நான்கும் ஒன்றேதான். ஆனாலும் வலது ஓரத்தில் இருந்ததை 40 சதவீதம் பேரும், இடது ஓரத்தில் இருந்ததை 12 சதவீதம் பேரும் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் கேட்டபோது நெசவு, மென்மை, வேலைப்பாடு என்று சொன்னார்களே தவிர, வைக்கப்பட்டிருந்த இடத்தை ஒருவரும் குறிப்பிடவில்லை. இடம் காரணமாக இருக்குமோ என்று நேரடியாகக் கேட்டபோதும் ஏறக்குறைய எல்லோரும் மறுத்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் முக்கியம். தம் மனத்துக்குள் எட்டிப் பார்த்து உண்மையைச் சொல்வதாகவே அவர்கள் நம்பினார்கள். நடந்தது என்னவென்றால், 'இப்படிப்பட்ட தேர்வுக்குப் பொதுவாக என்ன காரணம் இருக்கும்' என்று வெளியாள் ஒருவர் ஊகிப்பதைப் போலவே அவர்களும் தங்களைப் பற்றி ஊகித்தார்கள்.

இதைவிட வியப்பூட்டும் சான்று மூளையின் இரு அரைக்கோளங்களுக்கும் இடையிலான இணைப்பு துண்டிக்கப்பட்ட நோயாளிகளிடம் கிடைத்தது. கடுமையான வலிப்பு நோய்க்காக அந்த அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. 1970களில் மைக்கேல் கசானிகா சோதித்த ஓர் இளைஞனுக்கு, பேச்சைக் கையாளும் இடது அரைக்கோளம் மட்டும் காணும்படி கோழியின் காலும், பேச்சில்லாத வலது அரைக்கோளம் மட்டும் காணும்படி பனி மூடிய காட்சியும் காட்டப்பட்டன. பிறகு பொருத்தமான படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது அவனுடைய வலது கை கோழியைக் காட்டியது, இடது கை மண்வாரியைக் காட்டியது. பனியை அள்ளத்தான் மண்வாரி. ஆனால் பேசும் பாதிக்குப் பனியைப் பற்றி ஒன்றும் தெரியாது. 'தெரியவில்லை' என்று அது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டுமே என்று சற்றும் தயங்காமல் பதில் வந்தது. நம் எல்லோருக்குள்ளும், நடந்து முடிந்த செயலுக்குப் பிறகு வந்து கதை கட்டும் ஒரு பொருளுரைப்பாளர் இருக்கிறார் என்பது கசானிகாவின் முடிவு.

நான் 'ஏன்' என்று கேட்டபோதெல்லாம் பதில் சொன்னவர் இந்தப் பொருளுரைப்பாளர்தான். அவரிடம் கேள்வி போனால் கதை வரும். 'எப்போது', 'எங்கே' என்ற கேள்விகளுக்குக் கதை தேவையில்லை, குறித்துவைத்தால் போதும். அதனால்தான் அந்த நோட்டு வேலை செய்தது. பல மாதங்கள் எழுதிய பிறகு பக்கங்களை வரிசையாகப் புரட்டியபோது, ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்று நான் எண்ணியிருந்த நிகழ்வுகள் ஒரே இடத்தில் குவிந்தன. இரவில் ஒலிக்கும் தொலைபேசி, யாராவது பெட்டியில் துணி அடுக்குவது, தரை துடைக்கும் கிருமிநாசினியின் வாடை, நீண்ட நடைபாதையில் நாற்காலிகள் போட்டிருக்கும் அலுவலகங்கள்: இவை நான்கும் திரும்பத் திரும்ப வந்தன. உடம்பு பற்றிய குறிப்பில் 'தாடை இறுக்கம்' என்ற சொற்கள் ஏறக்குறைய எல்லாப் பதிவுகளிலும் இருந்தன.

அப்பா இறந்து அப்போது பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய நினைவு நாள் எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் செய்ய வேண்டியதைச் செய்வோம், நான் அமைதியாகவே இருப்பேன். ஆகவே எரிச்சலையும் அவருடைய மரணத்தையும் நான் இணைத்துப் பார்க்கவே இல்லை. ஆலோசகர் கேட்டதன் பேரில் அப்பாவின் பழைய மருத்துவக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். அப்பா மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட தேதி எனக்கு நினைவில் இல்லை. அது கோப்பில் இருந்தது. நோட்டில் எரிச்சல் தொடங்கும் வாரமும் அதுவும் ஒன்றாகவே இருந்தன. நினைவு நாள் வந்ததும் அது அடங்கிவிடும். துக்கத்துக்கென்று நாள்காட்டியில் குறிக்கப்பட்ட நாள் வேறு, மனம் துக்கம் காத்த நாட்கள் வேறு. அன்று எல்லாவற்றையும் முன்னின்று கவனித்தவன் நான் என்பதால், அந்தக் காத்திருப்பு வாரங்களில் பயப்படுவதற்கு எனக்கு நேரமே இருக்கவில்லை. அந்தப் பயம் தன் வேளைக்காக ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தது என்று சொன்னால் அது என் விளக்கம்தான்; தேதிகள் பொருந்துவது மட்டுமே நான் உறுதியாகச் சொல்லக்கூடியது.

இது அரிதான அனுபவம் அன்று. மருத்துவ எழுத்தில் இதற்கு ஆண்டுநாள் எதிர்வினை என்ற கருத்து நெடுநாளாகவே இருக்கிறது. உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்தே நோயைப் பார்க்க வேண்டும் என்று 1977இல் வாதிட்ட மருத்துவர் ஜார்ஜ் எங்கெல், அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு தன் கதையையே எழுதினார். அவருடைய இரட்டைச் சகோதரர் 1963இல் மாரடைப்பால் திடீரென இறந்தார். ஓராண்டு நிறைவதற்குள் எங்கெலுக்கும் மாரடைப்பு வந்தது. இரட்டையர்களுக்கு உடல்வாகு ஒன்றுபோல இருக்கும் என்பதால் இதை வைத்து மனமே மாரடைப்பைக் கொண்டுவந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஓராண்டு முழுவதும் தன் முறைக்காகக் காத்திருந்த மனநிலையை அவர் விவரிப்பது, காரணம் தெரியாமல் தேதிகளுக்கு அஞ்சும் எவருக்கும் பழக்கமானதாக இருக்கும்.

நினைவில் இல்லாத ஒன்று எப்படி நடத்தையை ஆட்டுவிக்க முடியும் என்ற கேள்வி எனக்கு நீண்ட நாள் இருந்தது. நினைவு என்பது ஒரே பெட்டகம் என்று நினைப்பதால் வரும் குழப்பம் அது. சுவிட்சர்லாந்து மருத்துவர் எடுவார் கிளாபரேட் 1911இல் ஒரு பெண் நோயாளியைப் பற்றி எழுதினார். புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாத அந்தப் பெண்ணிடம் மருத்துவர் ஒவ்வொரு முறையும் தன்னைப் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஒருநாள் அவர் விரல்களுக்கு இடையே ஊசியை மறைத்துவைத்துக் கைகுலுக்கினார். அதன் பிறகு அவர் கை நீட்டியபோது, அவர் யாரென்றே தெரியாத அந்தப் பெண் தன் கையை இழுத்துக்கொண்டாள். கேட்டதற்கு, சில சமயம் கையில் ஊசி இருக்கக்கூடும் அல்லவா என்ற பொருள்படப் பதில் சொன்னாள். நடந்தது மறந்துவிட்டது; பாடம் மறக்கவில்லை. இன்றைய நெறிப்படி இந்தச் சோதனையை ஒருவரும் அனுமதிக்க மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1995இல் நடந்த ஓர் ஆய்வு இதை இன்னும் தெளிவாக்கியது. ஒரு குறிப்பிட்ட நிறம் தோன்றியதும் திடுக்கிடும் சத்தம் எழுப்பி, மூளையில் வெவ்வேறு பகுதிகள் பாதிக்கப்பட்டவர்களைச் சோதித்தார்கள். அச்சத்தைக் கையாளும் மூளைப் பகுதியான அமிக்டலா பாதிக்கப்பட்டவர் எந்த நிறத்துக்குப் பிறகு சத்தம் வந்தது என்று சரியாகச் சொன்னார், ஆனால் அந்த நிறத்தைக் கண்டபோது அவருடைய தோலில் அச்சத்துக்கான மாற்றம் எதுவும் பதிவாகவில்லை. நிகழ்வுகளை நினைவில் பதிக்கும் பகுதியான ஹிப்போகேம்பஸ் பாதிக்கப்பட்டவரிடம் நேர்மாறு: உடம்பு அஞ்சியது, எதற்கு என்று அவரால் சொல்ல முடியவில்லை. செய்தியைச் சேமிக்கும் வழியும் அச்சத்தைச் சேமிக்கும் வழியும் தனித்தனி என்றால், கிருமிநாசினி வாடைக்கு என் தாடை இறுகுவதற்கு நான் எதையும் நினைவுகூரத் தேவையே இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எப்போது அரண்டான் என்பது அவனுக்கே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது கண்டுபிடிப்பு ஆலோசனை அறைக்குள்ளேயே நடந்தது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. நான் மிக வேகமாகப் பேசி, எனக்கு ஒதுக்கிய நேரம் முடிவதற்கு முன்பே 'அவ்வளவுதான்' என்று முடித்துக்கொள்வதை அவர் சுட்டிக்காட்டினார். நான் பேசுவது அவருக்குச் சலிப்பாக இருக்கும் என்று எண்ணுகிறேனா என்று கேட்டார். ஆம், அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அதற்கு என்ன அடையாளம் கண்டேன் என்று கேட்டபோது சொல்ல ஒன்றும் இல்லை. சிறுவயதில் அப்பா செய்தித்தாளை மடித்து வைத்திருக்கும் சில நிமிடங்களுக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட வேண்டும்; தாள் மீண்டும் விரிந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள். அவர் கடுமையானவர் அல்லர், களைத்துப்போனவர், அவ்வளவே. ஆனால் அந்தக் கால அளவு என் பேச்சுக்குள் அப்படியே தங்கிவிட்டது. மேலதிகாரிகள், மருத்துவர்கள், வயதில் மூத்த நண்பர்கள் என்று சற்று மதிப்புக்குரியவர் எவர் முன்னாலும் நான் விரையும் காரணம் அன்று புலப்பட்டது.

பழைய உறவின் எதிர்பார்ப்புகளைப் புதிய மனிதர்மீது ஏற்றிவிடும் இந்தப் போக்கைச் சிக்மண்ட் ஃப்ராய்ட் 1905இல் வெளியிட்ட ஒரு நோயாளியின் வரலாற்றிலேயே விவாதித்திருக்கிறார். அந்தப் பெண் சிகிச்சையைப் பாதியில் விட்டுச் சென்றதற்கு, இதைத் தான் உரிய நேரத்தில் கவனிக்காததே காரணம் என்று அவர் எழுதினார். ஃப்ராய்டின் கோட்பாடுகளில் பல இன்று தாக்குப்பிடிக்கவில்லை என்றாலும், இந்த ஒரு கவனிப்பு என் அனுபவத்தில் அழுத்தமாக நிற்கிறது. இதிலிருந்து எனக்குக் கிடைத்த நடைமுறைக் கருவி ஒரு கேள்விதான்: 'இவர் என்னைப் பற்றி இப்படி நினைக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறதே, அதற்கு இவர் இன்று செய்த எந்தச் செயல் சான்று?' சான்று கிடைத்தால் அந்த மனிதரோடு பேச வேண்டியிருக்கும். சான்று ஒன்றும் இல்லாமல் உறுதி மட்டும் மிகுதியாக இருந்தால், அந்த உறுதி வேறு எங்கிருந்தோ வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஃப்ராய்டின் மகள் அன்னா ஃப்ராய்ட் 1936இல் மனத்தின் தற்காப்பு முறைகளைத் தொகுத்து விளக்கினார். அவற்றின் பட்டியலை இன்று எங்கு வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதால், என் நோட்டில் அடிக்கடி தென்பட்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன். கோபம் எழுந்த இடத்தில் காட்ட முடியாமல், பாதுகாப்பான இன்னோர் இடத்தில் போய் இறங்குவது. இதை அந்தக் கணத்தில் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் இறங்கிய இடத்திலும் கோபத்துக்கு ஏதாவது ஒரு நியாயம் இருக்கவே செய்யும்: பாத்திரம் உண்மையிலேயே கழுவப்படாமல்தான் கிடக்கும். அளவுதான் காட்டிக்கொடுக்கும். காரணம் சிறிதாகவும் கோபம் பெரிதாகவும் இருக்கும்போது, அன்றைய நாளைப் பின்னோக்கிச் சென்று நான் பேசாமல் விழுங்கிய சொற்றொடர் எது என்று தேடுவேன். பெரும்பாலும் காலையிலேயே கிடைத்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும், ஏனென்றால் ஆழ்மனம் என்ற பெயரில் விற்கப்படும் சரக்கு ஏராளம். மனத்தின் இத்தனை சதவீதம் ஆழ்மனம் என்று துல்லியமான எண் சொல்பவர்களிடம் அதை எப்படி அளந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். விரும்பியதை ஆழ்மனத்தில் பதித்தால் செல்வம் தேடி வரும் என்பதும், கனவில் இது வந்தால் இதுதான் பொருள் என்ற அட்டவணைகளும் இதே வகை. ஆய்வகங்களும் இதில் தடுக்கி விழுந்திருக்கின்றன. முதுமை தொடர்பான சொற்களைப் படித்தவர்கள் அதன் பிறகு மெதுவாக நடந்தார்கள் என்று 1996இல் வெளியான புகழ்பெற்ற முடிவை 2012இல் வேறு ஆய்வாளர்கள் கருவிகொண்டு நேரத்தை அளந்து மீண்டும் சோதித்தபோது அந்த விளைவு தென்படவில்லை. வாய்தவறி வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் அடக்கிய ஆசை இருக்கிறது என்பதையும் நான் ஏற்பதில்லை. பல வாய்த்தவறல்கள் ஒலிகள் இடம் மாறுவதால் வரும் சாதாரணப் பிழைகள்தாம். கண்டதற்கெல்லாம் ஆழ்மனத்தைக் காரணம் சொன்னால், அதுவும் பொருளுரைப்பாளர் கட்டும் இன்னொரு கதையாகிவிடும்.

தெரிந்துகொண்ட பிறகு என்ன செய்வது? தெரிந்ததாலேயே எதிர்வினை நின்றுவிடவில்லை. இன்றும் பெட்டி கட்டும் சத்தம் கேட்டால் என் தாடை இறுகுகிறது. அடக்கிவைக்கும் முயற்சி பலன் தராது என்பதற்கு டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட சோதனையே போதும்: வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவர்களால் அதை விலக்க முடியவில்லை, தடை நீங்கியதும் முன்னைவிட அதிகமாக நினைத்தார்கள். எனக்குப் பயன்பட்டது உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது. 'எனக்கு ஏதோ மாதிரி இருக்கிறது' என்று விட்டுவிடாமல், இது கோபமா, பயமா, அவமானமா என்று ஒரு சொல்லைத் தேடிப் பிடிப்பேன். உணர்ச்சி ததும்பும் முகங்களைப் பார்க்கும்போது அந்த உணர்ச்சிக்கான சொல்லைத் தேர்ந்தெடுத்தவர்களின் அமிக்டலாவில் செயல்பாடு குறைந்ததை மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் மூளைப் படங்களில் கண்டார்கள். என் விஷயத்தில் எரிச்சல் என்று எழுதியவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குப் பயம் என்ற சொல்தான் சரியாகப் பொருந்தியது. அதைக் கண்டுகொண்ட பிறகு வீட்டாரிடம் சொல்லும் வாக்கியமும் மாறியது: 'சத்தம் போடாதே' என்பதற்குப் பதிலாக 'போய்ச் சேர்ந்ததும் கூப்பிடு' என்று சொல்ல முடிந்தது.

அடுத்தது முன்கூட்டியே திட்டமிடுவது. கோபப்படக் கூடாது என்ற பொதுவான உறுதியெல்லாம் அந்த வாரங்களில் எனக்கு நிற்கவில்லை. 'இரவில் தொலைபேசி ஒலித்தால், எடுப்பதற்கு முன் காலைத் தரையில் அழுத்தி ஒரு மூச்சு விடுவேன்' என்பதுபோல, இது நடந்தால் இதைச் செய்வேன் என்று சூழலோடு செயலைப் பிணைத்த சிறு தீர்மானங்கள் நின்றன. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இவ்வகைத் தீர்மானங்களை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். சூழலே செயலைத் தூண்டிவிடுவதால் அந்தக் கணத்தில் மனவுறுதியைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது அவருடைய விளக்கம். நம்மை அறியாமல் இயங்கும் அதே பொறியமைப்பை நமக்குச் சாதகமாகப் பயன்படுத்துவது இது. அந்த வாரங்களில் பெரிய முடிவுகளையும் கடினமான உரையாடல்களையும் இயன்றவரை தள்ளிவைக்கிறேன். வருவதை நிறுத்த முடியாவிட்டாலும் வரும் தேதி தெரியும் என்பது சிறிய வசதி அன்று.

இந்த அறிவைப் பிறர்மீது பயன்படுத்தாதீர்கள் என்பதை அழுத்திச் சொல்வேன். 'நீ கோபப்படுவது என்மீது இல்லை, உன் அம்மாமீது' என்று சண்டையின் நடுவே சொல்லப்படும் வாக்கியம் உண்மையாகவே இருந்தாலும் அது அப்போது ஆயுதம்தான். எதிரில் இருப்பவருக்கு அதை மறுக்கவும் வழியில்லை. மறுத்தால் அதுவே சான்று என்பீர்கள். என் ஆலோசகர் எதையும் எனக்கு அறிவித்ததில்லை, கேட்க மட்டுமே செய்தார். கோப்பைத் திறந்து தேதியைப் பார்த்தது நான்தான் என்பதால்தான் அது எனக்குள் இறங்கியது.

நோட்டு எழுத நினைப்பவர்கள் அது தொடக்கத்தில் மனத்தைக் கனக்கச் செய்யும் என்பதை எதிர்பார்த்தே தொடங்க வேண்டும். ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்வில் நேர்ந்த துயரங்களைத் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடங்கள் எழுதிய மாணவர்கள் எழுதி முடித்தவுடன் முன்பைவிட வருத்தமாகவே இருந்தார்கள். நிகழ்வையும் அதன் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவ மையத்துக்குச் சென்றது குறைந்தது. பின்னர் நடந்த ஆய்வுகளில் பலன் சராசரியாகச் சிறியது என்றே தெரிகிறது. எழுதும்போது கனம் ஒரு நாளில் இறங்கினால் தொடரலாம். எழுத எழுதத் தூக்கம் கெடுகிறது, பழைய காட்சிகள் கண்முன் அப்படியே மீண்டும் நிகழ்கின்றன, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்க்கிறது என்றால் நோட்டை மூடிவிட்டு, பயிற்சி பெற்ற மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ உடனே செல்ல வேண்டும். அந்த நோட்டையும் கையோடு எடுத்துச் செல்லலாம். தேதியும் இடமும் உடம்பின் குறிப்பும் உள்ள சில பக்கங்கள் முதல் சந்திப்பில் அவருக்கு மிகவும் உதவும்.